ஊசி போட்ட மனிதரும் சாமி கும்பிட்ட சனங்களும்



எங்கட சங்கத்துப் பிள்ளைகள் மூன்று வருடமாக என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி. ஊரில் வருசப்பிறப்புக் கொண்டாடிய விதத்தை எழுதினால் போதும் என்றார்கள். மருத்துநீர் வைத்தது, கைவிசேஷம் வாங்கினது, போர்த்தேங்காய் அடித்தது, இதெல்லாம் ஒவ்வொரு மலரிலும் வருகுதுதானே. அதனால் இந்த முறை நான் வேறொரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் தமிழர் இல்லை. யாழ்ப்பாணத்தைக் கண்டிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவரும் எங்களைப் போல ஊரை விட்டு வந்தவர். எங்களைப் போலவே முதலில் சுவிசில் கால் வைத்தவர். நான் முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் இந்த லொசான் நகரத்தில்தான் கடைசியில் கண்மூடியவர்.

அவர் பெயர் வால்டெமார் ஹாவ்கின். கொலராவுக்கும் பிளேக்குக்கும் பெரிய அளவில் ஆட்களுக்குத் தடுப்பூசி போட்டவர் அவர். பம்பாய்க்குப் போனால் ஹாவ்கின் நிறுவனம் என்று பெரிய ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் இருக்கிறது. ஒருநாள் பின்னேரம் மகள் தன்னுடைய ஆய்வுகூடப் படிப்புப் புத்தகத்தோடு குசினிக்குள் வந்து, அப்பா, இந்த மனிதர் எங்கட லொசானிலதான் செத்தவராம் என்று காட்டினாள். அன்றைக்குத் தொடங்கினது. நூலகத்தில் தேடி, விளங்காத பிரெஞ்சை மகளிடம் கேட்டுக் கேட்டு வாசித்தேன். ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. லொசானிலிருந்து வாவிக் கரையோரமாக ரெயிலில் அரை மணித்தியாலம் போனால் சில்லோன் கோட்டை வரும். ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளை நாங்கள் எல்லோரும் படம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகிற இடம். 1348ஆம் ஆண்டு ஐரோப்பா முழுக்கப் பிளேக் பரவிக்கொண்டிருந்த நேரம், அந்தக் கோட்டைக்குள் அயலில் வாழ்ந்த யூதர்களைப் பிடித்துவந்து சித்திரவதை செய்தார்கள். கிணறுகளில் நஞ்சு கலந்தபடியால்தான் சனம் சாகுது என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்தார்கள். அடி தாங்காமல் அவர்களும் ஓம் என்றார்கள். அந்த வாக்குமூலத்தைப் பிரதி எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். 1349 ஜனவரியில் பாசல் நகரத்தில் யூதர்களை மரக் கொட்டிலுக்குள் அடைத்து எரித்தார்கள். அடுத்த மாதம் ஸ்திராஸ்பூர்க்கில் எரித்தார்கள். அன்றைய பாப்பரசர் ஆறாம் கிளமெந்து, யூதரும்தானே இந்த நோயில் சாகிறார்கள், பிறகு எப்படி அவர்கள் நஞ்சு வைத்திருக்க முடியும் என்று கேட்டு எழுதினார். அவருடைய சொல்லையும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நோய்க்குச் சமயம் கிடையாது. ஆனால் அந்த நோயால் ஆர் சாக வேண்டும், ஆரை மற்றவர்கள் கொல்ல வேண்டும் என்பதைச் சமயம் தீர்மானித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கோ. ஏனென்றால் இந்த வாவிக் கரையில் அந்தப் பழி சுமத்தப்பட்டு 549 வருடத்துக்குப் பிறகு பிளேக்குக்கு ஊசி கண்டுபிடித்தவர் ஒரு யூதர்.

ஹாவ்கின் 1860 மார்ச் 15ஆம் திகதி, கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெசா நகரத்தில் பிறந்தார். அது அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்த இடம். யூதர் எங்கே குடியிருக்கலாம், எத்தனை பேர் படிக்கலாம், எந்த உத்தியோகம் பார்க்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே சட்டம் இருந்தது. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பொடியன் கெட்டிக்காரன். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் மெச்னிக்கோவ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தார்.

1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி குண்டு வீச்சில் கொல்லப்பட்டார். பழி யூதர் தலையில் விழுந்தது. கடைகளையும் வீடுகளையும் உடைத்தார்கள், அடித்தார்கள், கொன்றார்கள். 1983 ஆடி மாதத்தைக் கண்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஒடெசாவில் யூத இளைஞர்கள் சேர்ந்து தங்கள் தெருக்களைக் காக்கக் குழு அமைத்தார்கள். ஹாவ்கினும் அதில் நின்றார். காயப்பட்டார், பிடிபட்டார். மெச்னிக்கோவ் சாட்சி சொன்னபடியால் தப்பினார். படிப்பு முடிந்தபின் ஒரு சின்ன உத்தியோகத்துக்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே போக வேண்டுமென்றால் யூத சமயத்தை விட்டு ரஷ்யத் திருச்சபையில் சேர வேண்டும். அவர் அவ்வளவு பக்திமானாக அந்தக் காலத்தில் இருக்கவில்லை. ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டார். கும்பிடாவிட்டாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிற ஒரு ரோசம் அது. எங்கட ஆட்களிலும் அப்படிப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

1888இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டு ஜெனீவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பேராசிரியரின் உதவியாளராக வேலை செய்தார். அடுத்த வருடம் பாரிசுக்குப் போனார். லூயி பாஸ்ரரின் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலகத்தில் உதவியாளர் வேலை. பட்டம் பெற்ற மனிதர் புத்தகம் அடுக்கினார். ஊரில் வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே கோப்பை கழுவினவர்கள் இந்த இடத்தில் சிரிக்கக்கூடும். வேலை முடிந்த பிறகு ஆய்வுகூடத்துக்குப் போய் கொலராக் கிருமியைப் பற்றி ஆராய்ந்தார்.

அந்தக் காலத்தில் கொலரா என்றால் ஊர் நடுங்கும். காலையில் நன்றாக இருந்தவர் வாந்தியும் பேதியுமாகி உடம்பில் உள்ள நீரெல்லாம் வற்றி இரவுக்குள் போய்விடுவார். அசுத்தப்பட்ட தண்ணீரால்தான் அது பரவுகிறது. ஆகவே பெருந்தொகையான சனம் ஒரே ஆற்றில் குளித்து, அதே தண்ணீரைக் குடிக்கிற இடம் அதற்கு வாய்ப்பான இடம். 1867 சித்திரையில் ஹரித்துவாரில் நடந்த கும்பமேளாவுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வந்தார்கள். கங்கையில் முழுகினார்கள், அந்தத் தீர்த்தத்தைக் குடித்தார்கள், வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். திரும்பிப் போன வழியெல்லாம் கொலரா போனது. இது இந்துக்களுக்கு மட்டும் நடந்த கதையில்லை. 1865இல் மக்காவுக்குப் போன ஹஜ் யாத்திரிகர்களில் சுமார் 15,000 பேர் கொலராவில் இறந்தார்கள். மிஞ்சினவர்களோடு கப்பலேறிச் சுயெஸ், அலெக்சாந்திரியா வழியாக அது ஐரோப்பாவுக்குள் வந்தது. அதன் பிறகுதான் அடுத்த வருடம் கொன்ஸ்தாந்திநோபிளில் நாடுகள் எல்லாம் கூடி யாத்திரையையும் நோயையும் பற்றிப் பேசின. பக்தியோடு போனவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அந்தத் தண்ணீருக்குள் என்ன இருந்ததென்று அவர்களுக்கு ஆர் சொன்னது?

1892இல் ரஷ்யாவில் கொலரா. ஹம்பேர்க் நகரத்தில் மட்டும் சில வாரங்களில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வருடம் ஜூலை 18ஆம் திகதி ஹாவ்கின் தான் செய்த ஊசி மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றினார். காய்ச்சல் வந்தது, ஊசி போட்ட இடம் நொந்தது, சில நாளில் சுகமானார். பிறகு நண்பர்கள் சிலருக்கு ஏற்றினார். தன்னைத் துரத்திய ரஷ்யாவுக்கே இதைக் கொடுக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பாரிசில் பிரித்தானியத் தூதுவராக இருந்த டவ்ரின் பிரபு முன்னர் இந்தியாவில் வைசிராயாக இருந்தவர். அவர்தான் இந்தியாவுக்குப் போகும்படி வழிகாட்டினார்.

1893இல் ஹாவ்கின் கல்கத்தா வந்து இறங்கினார். ரஷ்யாவில் பிறந்தவர் என்றபடியால் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இவர் உளவாளியோ என்று சந்தேகம். வெள்ளைக்காரர் என்றபடியால் இந்தியர்களுக்கு இவர் அரசாங்கத்தின் ஆளோ என்று சந்தேகம். இரண்டு பக்கமும் நம்பாத ஆளாக நிற்பது என்றால் என்னவென்று அகதியாக வாழ்ந்தவனுக்குத் தெரியும்.

அவர் ஒருத்தரையும் வற்புறுத்தவில்லை. விரும்பினவர்களுக்கு மட்டும்தான் ஊசி. சனம் பயந்து நின்ற இடங்களில் தன் உடம்பிலும் தன்னோடு வந்த உள்ளூர் டொக்டர்மாரின் உடம்பிலும் எல்லோரும் பார்க்க ஊசி ஏற்றிக் காட்டினார். 1894 மார்ச்சில் கல்கத்தாவின் ஒரு சேரியில் கொலரா வந்தது. அங்கே குளத்துத் தண்ணீரைத்தான் எல்லாத்துக்கும் பாவிப்பார்கள். ஏறக்குறைய 200 பேரில் 116 பேர் ஊசிக்குச் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே கொலரா வந்தது ஊசி போடாதவர்களுக்குத்தான். இந்தச் செய்தி வாய்க்கு வாய் பரவியது. இரண்டரை வருடத்துக்குள் இந்தியாவின் பல பகுதிகளிலும் 42,000 பேருக்குக் கிட்ட ஊசி போட்டார். கடைசியில் மலேரியா பிடித்து, உடம்பு நொந்து திரும்பினார். சுகமானதும் மறுபடியும் வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. துறைமுகத்துக்கு அருகே மாண்ட்வி என்ற இடத்தில் தொடங்கியது. அரசாங்கம் ஹாவ்கினைக் கூப்பிட்டது. ஒக்ரோபரில் பம்பாய் வந்தார். மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு விறாந்தையும்தான் அவருக்கு ஆய்வுகூடம். ஒரு எழுதுவினைஞரும் மூன்று சிற்றூழியர்களும் கொடுத்தார்கள். இரவு பகல் பாராமல் வேலை செய்து, 1897 ஜனவரி 10ஆம் திகதி, பிளேக் ஊசியையும் முதலில் தனக்கே போட்டார்.

இந்த ஊசி மருந்தை எப்படிச் செய்தார் என்பதைக் கவனியுங்கோ. கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். ஐரோப்பாவில் வழக்கமாக மாட்டிறைச்சிச் சாறுதான் பாவிப்பார்கள். மாட்டிறைச்சி என்றால் இந்துக்கள் கிட்டவும் வரமாட்டார்கள், பன்றி என்றால் முஸ்லிம்கள் வரமாட்டார்கள். ஆகவே ஆட்டிறைச்சியில் சாறு எடுத்தார். அதன் மேல் சில துளி நெய் மிதக்கவிட்டார். நெய்யைப் பிடித்துக்கொண்டு கிருமி விழுதுவிட்டு வளர்ந்தது. பிறகு சூடாக்கிக் கிருமியைக் கொன்று ஊசி மருந்தாக்கினார். பன்றி தின்னாத வீட்டில் பிறந்தவருக்கு மற்றவனுடைய விலக்கு என்னவென்று விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அரசாங்கம் மட்டும் அப்படி நடக்கவில்லை. பட்டாளத்தைக் கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். நோயாளியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வீட்டாரை முகாமில் அடைத்தார்கள். பூசை அறைக்குள் சப்பாத்தோடு நுழைந்தார்கள். அந்நிய ஆண் முன்னால் வராத பெண்களை வெளியே கூப்பிட்டு அக்குளிலும் தொடைச் சந்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். சாதி, சமயம் பாராமல் ஒரே ஆஸ்பத்திரியில் போட்டார்கள். செத்தவருக்குக் கிரியை செய்யவும் வழியில்லை. இதனால் சனம் என்ன செய்தது? நோயாளிகளை ஒளித்தது, சடலங்களை ஒளித்தது, ஊரைவிட்டு ஓடியது. ஓடினவர்களோடு பிளேக்கும் ஓடியது. 1896இல் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1897 ஜூனில் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயில் முஸ்லிம் நெசவாளர் பகுதியில் ஒரு பெண்ணைக் கொண்டுபோக வந்தபோது கலகம் மூண்டது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து, ஒவ்வொரு சமூகமும் தன் தன் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி வைக்கலாம் என்று விட்டது. அதற்குப் பிறகு நோயாளிகளை ஒளிப்பது குறைந்தது.

இதை வாசித்தபோது எனக்கு நான் அகதியாக வந்த நாள் நினைவுக்கு வந்தது. முகாமில் எங்களைச் சேட்டைக் கழற்றச் சொல்லி நெஞ்சுப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பாசை தெரியாது. இந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்புவாங்களாம் என்று ஒருத்தர் சொல்ல, பக்கத்துக் கட்டில் பொடியன் இருமலை அடக்கிக்கொண்டு போர்வைக்குள் படுத்துவிட்டான். பிறகு பார்த்தால் அவனுக்குக் கசம். மருந்து கொடுத்து மாற்றினார்கள். ஒளித்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். பயப்படுகிறவன் மடையன் இல்லை. பயப்படுவதற்கு அவனுக்குக் காரணம் இருக்கு.

பிளேக் எலியில் உள்ள தெள்ளால் பரவுகிறது என்பதை 1898இல் சிமொந் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். எலியைப் பிடித்துக் கொல்லச் சொன்னால் சமணரும் கொல்லாமையைக் கைக்கொண்ட இந்துக்கள் பலரும் மறுத்தார்கள். உயிருக்கு இரங்கியது பிழையா? இல்லை. ஆனால் அந்த இரக்கத்தின் விலை சில வீடுகளில் பிள்ளைகளாக இருந்தது. அதே சமயப் பற்று வேறு இடங்களில் உயிரையும் காத்தது. அதற்குப் பம்பாயிலேயே ஒரு சாட்சி இருக்கு.

பம்பாயில் இஸ்மாயிலி கோஜா முஸ்லிம்கள் என்ற வணிகச் சமூகம். அவர்களுடைய சமயத் தலைவர் மூன்றாம் ஆகா கான். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. அவர் தன் சனத்துக்குப் பிரசங்கம் செய்துகொண்டு இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கையை நீட்டி ஹாவ்கினின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. தன்னுடைய மாளிகை ஒன்றையும் ஆய்வுகூடம் நடத்தக் கொடுத்தார். தலைவரே போட்டுவிட்டார் என்றதும் கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, அவர்களுக்குள்ளேயே ஊசி போட்டவர்கள் சாவது போடாதவர்களைவிட மிகக் குறைவாக இருந்தது. ஒரே நகரம், ஒரே எலி, ஒரே தெரு. நம்பிக்கையானவர் ஒருவர் முன்னால் நின்றதுதான் வித்தியாசம்.

1898இல் பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்ற கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். போட்ட 71 பேரில் 3 பேர் பிளேக்கில் இறந்தார்கள். போடாத 64 பேரில் 26 பேர் இறந்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1902 ஒக்ரோபர் 30ஆம் திகதி பஞ்சாப்பில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே போத்தலில் இருந்து போட்ட 19 பேருக்கு ஏற்புவலி வந்து, 19 பேரும் இறந்துபோனார்கள். ஹாவ்கின் அந்த ஊரில் இல்லை. பம்பாய் ஆய்வுகூடத்திலேயே மருந்து கெட்டுப்போனது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. அவரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தார்கள். 1904இல் இந்தியாவை விட்டுப் போனார். பத்திரிகைகள் அவரைக் குற்றவாளி போலவே எழுதின. உண்மை என்னவென்றால், அந்தக் கிராமத்தில் போத்தலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் தக்கையை இழுத்துத் திறந்திருக்கிறார்கள். மண்ணில் இருந்த கிருமிதான் உள்ளே போனது. லண்டனில் ஆராய்ந்தவர்கள் இதையே சரியென்றார்கள். மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்த ரொனால்ட் ரொஸ் உட்படப் பத்து விஞ்ஞானிகள் 1907 ஜூலையில் பத்திரிகைக்கு எழுதி நியாயம் கேட்டார்கள். அந்த வருட முடிவில் அவர் குற்றமற்றவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

பிரான்சில் யூதர் என்பதற்காகப் பொய்க் குற்றம் சுமத்திச் சிறைவைத்த டிரைபஸ் என்ற அதிகாரியின் வழக்கோடு ஹாவ்கினின் வழக்கையும் அந்தக் காலத்தில் சிலர் ஒப்பிட்டார்கள். நான் அதைச் சில்லோன் கோட்டையோடு ஒப்பிடுகிறேன். அங்கே கிணற்றில் நஞ்சு, இங்கே போத்தலில் நஞ்சு. கொள்ளைநோய் வந்தால் பழி போட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஊரில் பிறக்காதவனாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்தத் தடவை அவருக்காக எழுத ஆட்கள் இருந்தார்கள். அந்த 550 வருடத்தில் உலகம் இவ்வளவாவது திருந்தியிருக்கு.

திரும்பக் கல்கத்தாவுக்கு வந்தார். பம்பாய் ஆய்வுகூடத்தை அவரிடம் கொடுக்கவில்லை, பழையபடி சனத்துக்குள் போய் ஊசி போடும் வேலையையும் கொடுக்கவில்லை. 1914இல் ஓய்வு பெற்றார். அவர் ஆக்கிய ஊசி மருந்து மட்டும் நிற்கவில்லை. 1925 வரைக்கும் 2 கோடி 60 இலட்சம் அளவு மருந்து பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டது. அந்த வருடத்தில்தான் ஆய்வுகூடத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். பிளேக்கினால் இந்தியாவில் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஊசி இல்லாவிட்டால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசியுங்கோ.

அவருடைய கடைசிக் காலம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஊசியும் நுணுக்குக்காட்டியுமாக வாழ்ந்த மனிதர் வயது போகப் போகத் தன் முன்னோரின் சமயத்துக்குத் திரும்பினார். ஓய்வுநாளைக் கைக்கொண்டார். விலக்கப்பட்ட உணவைத் தொடவில்லை. 1916இல், யூதர் தங்கள் ஆசாரங்களை விட்டுவிடக் கூடாது என்று ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். கலியாணம் முடிக்கவில்லை. 1928இல் லொசானுக்கு வந்து குடியிருந்தார். தன் தேட்டம் முழுவதையும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்த யூத சமயப் பாடசாலைகளுக்கு எழுதிவைத்தார். அதிலும் ஒரு நிபந்தனை போட்டார், அங்கே விஞ்ஞானமும் ஒரு கைத்தொழிலும் படிப்பிக்க வேண்டும் என்று. 1930 ஒக்ரோபர் 26ஆம் திகதி தன்னுடைய 70ஆவது வயதில் இறந்தார்.

ஆக, ஊசிக்கும் சாமிக்கும் சண்டை இல்லை. அந்த இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்திருந்தவர் அவர். எங்கட ஆச்சிமாரும் அப்படித்தான். கொப்புளிப்பான் வந்தால் அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வேப்பிலை கண்ட வீட்டுக்குள் ஒருத்தரும் போகமாட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளை தண்ணீர் வார்க்கும் வரைக்கும் வெளியே வராது. அம்மாளுக்குப் பயந்து செய்தது தொற்றையும் தடுத்தது. ஆனால் பெரிய அம்மையான வைசூரியை வேப்பிலையால் ஒழிக்க முடியவில்லை. ஊசிதான் ஒழித்தது. 1980இல் உலகத்தில் அது இல்லை என்று அறிவித்தார்கள். ஆச்சிக்கு வேப்பிலையும் தெரியும், அம்மைப்பால் குத்திய தழும்பும் கையில் இருந்தது.

இனி, ஏன் இதை எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என்னுடைய மூத்த அண்ணர் இதே நாட்டில் வேறொரு நகரத்தில் இருந்தவர். 2021இல் கொரோனா ஊசி வந்தபோது, அவர் போய்வந்த ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில், நம்பிக்கை உள்ளவனுக்கு ஊசி தேவையில்லை, அதில் என்னென்னவோ கலந்திருக்கு என்று பேசியிருக்கிறார்கள். அண்ணர் அதை நம்பிவிட்டார். நான் ரெலிபோன் எடுத்துக் கத்தினேன். படிச்ச மனிசன் இப்படி மடையன் மாதிரிக் கதைக்கிறியே என்று ஏசினேன். தம்பி, நீ சாமியை விட்டுட்டாய் என்று மட்டும் சொல்லிப்போட்டு அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. மார்கழி மாதம் அவர் போய்விட்டார். கடைசி நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

அதே நேரத்தில் இன்னொரு ஊரில் எங்கட கோயில் ஐயர் தான் ஊசி போட்டதைப் பூசை முடிந்தபின் எல்லோருக்கும் சொன்னார். சட்டையில்லாத தோளில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைக் காட்டிச் சிரித்தாராம். அடுத்த கிழமையே எத்தனையோ அம்மாமார் போய்ப் போட்டார்கள். அவர் ஆகா கானைப் பற்றி வாசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தன் சனத்தை அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஹாவ்கின் சேரிக்குள் போனபோது ஒருத்தரையும் மடையன் என்று ஏசியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. சேட்டுக் கையை மடித்து, முதலில் தனக்குப் போட்டுக் காட்டினார். நான் அண்ணரிடம் ரெலிபோனில் கத்தாமல், ஒரு ரெயில் ஏறிப் போயிருக்கலாம். பக்கத்தில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்து, அவருடைய சாமியறையில் நானும் ஒருக்கால் கும்பிட்டுவிட்டு, என்னோடு வா அண்ணை என்று கையைப் பிடித்திருக்கலாம். வந்திருப்பாரோ தெரியாது. ஆனால் நான் போகவில்லை. அது என்னோடுதான் இருக்கும்.

இந்த வருசப்பிறப்புக்கும் கோயிலில் மருத்துநீர் தருவார்கள். துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சின அந்தத் தண்ணீரைப் பெரியவர்கள் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். வருடம் பிறக்கிற நேரத்தில் எங்கட முன்னோர் சாமி பேரைச் சொல்லித் தலையில் வைத்தது மருந்தைத்தான். பிள்ளைகளுக்கு அதை வைக்கும்போது இந்த ஹாவ்கினின் கதையையும் ஒருக்கால் சொல்லுங்கோ. உங்கட குடும்பத்தில் ஊசிக்கோ ஆஸ்பத்திரிக்கோ பயந்துகொண்டு ஒருவர் இருந்தால், ஏசாதேங்கோ. ரெயில் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருங்கோ.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் வாழப் புத்தாண்டில் வேண்டுகிறேன்.